கை படித்ததைக் கண் படிப்பதில்லை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியில் திரும்பி ஆரோவில்லுக்குப் போகிறவர்கள் குயிலாப்பாளையத்தைக் கடக்காமல் போக முடியாது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துச் சிற்றூர். 1968இல் ஆரோவில் தொடங்கிய பிறகு தோல்பை, பருத்தி உடை, ஊதுபத்தி, மண்கலம் என்று கைவினைப் பொருள்கள் விற்கும் ஊராக இது மாறியது. அதிகச் சூட்டில் சுட்டெடுக்கும் ஸ்டோன்வேர் கலங்கள் இந்த வட்டாரத்தில் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி.

இங்கே ஒரு கடையில் கோப்பை வாங்க வந்தவரின் கையைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் தூக்கிப் பார்ப்பார், எடை தெரிந்துவிடும். விளிம்பில் விரலை ஓட்டுவார், வழவழப்பா சொரசொரப்பா என்று தெரியும். கைப்பிடிக்குள் விரலை நுழைப்பார். இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்தால் எவ்வளவு காபி கொள்ளும் என்பதும் பிடிபட்டுவிடும். இத்தனைக்கும் அவர் ஓரெழுத்துகூடப் படித்திருக்க மாட்டார்.

இந்தக் கையசைவுகளை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். சூசன் லெடர்மன், ராபர்ட்டா கிளாட்ஸ்கி இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிவிட்டு 100 அன்றாடப் பொருள்களைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். விடைகளில் ஏறக்குறைய 96 சதவீதம் சரி. பெரும்பாலானவை ஐந்து விநாடிக்குள் வந்தன. 1987இல் அவர்கள் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். மேற்பரப்பை அறியத் தேய்க்கிறோம், கடினத்தை அறிய அழுத்துகிறோம், எடையை அறியத் தூக்குகிறோம், பருமனை அறிய அணைத்துப் பிடிக்கிறோம். எந்தத் தகவல் வேண்டுமோ அதற்கென ஓர் அசைவு கைக்குத் தெரிந்திருக்கிறது.

அதே கோப்பை இணையச் சந்தைக்குப் போகும்போது இந்தத் தகவல் முழுவதையும் எழுத்து சுமக்க வேண்டியதாகிறது. உயரம் இவ்வளவு, கொள்ளளவு இவ்வளவு, கையால் செய்தது, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, மைக்ரோவேவில் வைக்கலாம் அல்லது கூடாது. விற்பவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறார். பார்சல் போய்ச் சேர்ந்ததும் “ரொம்பச் சின்னதா இருக்கு” என்று ஒரு ஸ்டார். “படத்துல இருக்கிற மாதிரி இல்ல” என்று ரிட்டர்ன். வாட்ஸ்அப்பில் விற்றால், விலையும் அளவும் எழுதிய படத்துக்குக் கீழேயே “விலை என்ன? சைஸ் என்ன?” சிறு உற்பத்தியாளருக்கு இது வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. மண்கலம் திரும்பி வரும் வழியில் உடைந்தால் அது அவருடைய பல நாள் உழைப்பு.

வாங்குபவரைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் அவருடைய கண்ணைப் பார்க்க வேண்டும். விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த நகத்தின் அகலம்தான் கண் ஒரு நேரத்தில் தெளிவாகக் காணும் பரப்பு. மீதியெல்லாம் மங்கல். அதனால் கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி எங்கே நிற்பது என்று தேர்ந்தெடுக்கிறது. எங்கே தாவும் என்பதை, பார்ப்பவர் எதைத் தேடுகிறார் என்பதே பெரிதும் முடிவு செய்கிறது என்று ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் காட்டினார். ஒரே ஓவியத்தைக் கொடுத்துவிட்டுக் கேள்வியை மாற்றினால், கண் போகும் தடமும் மாறியது. விலையைத் தேடி வந்த கண் விலையிலும் படத்திலும் நிற்கும். அளவைக் குறித்த வரி அதற்குத் தட்டுப்படாமலே போகலாம்.

இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1997இல் சோதித்தபோது, 79 சதவீதம் பேர் மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். கைபேசி கையில் வராத காலத்துக் கணக்கு இது. இன்றைய சிறு திரையில், விவரம் என்ற பகுதி பல முறை விரலால் தள்ளிய பிறகே வருகிறது. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் தமிழில் தளம் திறந்ததே 2020இல்தான். அதற்கு முன் தமிழ் மட்டும் அறிந்த வாடிக்கையாளரைப் பார்த்து “படிக்கவில்லை” என்று குறை சொன்னதில் நியாயமே இல்லை.

படமாவது உண்மையைச் சொல்கிறதா? பொருளின் அளவை மூளை நேரடியாக அறிவதில்லை. விழித்திரையில் விழும் பிம்பத்தின் அளவையும் பொருள் இருக்கும் தூரத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அமேசான் விதிப்படி முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படச் சட்டகத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும், விற்பனையில் சேராத வேறு பொருள் உடன் இருக்கக் கூடாது. பக்கம் சுத்தமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் தூரத்தைச் சொல்லும் அடையாளம் ஒன்றுகூட மிச்சமில்லை. உப்புக் கிண்ணமும் பெரிய உருளியும் ஒரே அளவில் தெரிகின்றன. அளவு தெரியாத இடத்தை வாங்குபவரின் மனம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறது.

நிறத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2015இல் ஒரே உடையின் படத்தைப் பார்த்துப் பாதி உலகம் நீலம்–கறுப்பு என்றும் மீதி உலகம் வெள்ளை–தங்கம் என்றும் சண்டை போட்டது. சுமார் 1,400 பேரிடம் நடத்திய ஆய்வில் 57 சதவீதம் பேருக்கு நீலமும் கறுப்பும், 30 சதவீதம் பேருக்கு வெள்ளையும் தங்கமும் தெரிந்தன. உடை எந்த ஒளியில் இருக்கிறது என்று மூளை ஊகிப்பதைப் பொறுத்து நிறம் மாறியது.

அவுரி நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிற செடி அது. அவுரிச் சாயம் நீரில் கரையாது. தொட்டியில் நொதிக்கவைத்து ஆக்சிஜனை விலக்கினால்தான் கரைந்து நூலுக்குள் இறங்கும். துணியை வெளியே எடுத்ததும் காற்று பட்டு நீலமாகி அங்கேயே தங்கிவிடும். நூலோடு அதற்கு வேதிப் பிணைப்பு கிடையாது. ஆகவே புதுத்துணியில் கொஞ்சம் கையில் ஒட்டுவது அதன் இயல்பு. ஒரு முக்கு, இரண்டு முக்கு என்று நிறமும் ஏறிக்கொண்டே போகும். “தனியாகத் துவைக்கவும்” என்ற ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது. அந்த வரியைத் தாண்டிப் போனவர் “சாயம் போகுது, ஏமாத்திட்டாங்க” என்று எழுதுகிறார்.

மண்ணும் அப்படித்தான். ஸ்டோன்வேர் களிமண் காய்ந்து, 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு முடிவதற்குள் பத்து சதவீதத்துக்கும் மேல் சுருங்கலாம். சக்கரத்தில் கையால் வனைந்த இரண்டு கோப்பைகள் அச்சில் வார்த்தவைபோல் ஒத்திருக்க வழியில்லை. ஆலைப் பொருளுக்குப் படமே போதும், பத்தாயிரமும் ஒன்றுதான். கைவினைப் பொருளின் உண்மை முழுவதும் எழுத்தில்தான் இருக்கிறது. அதனால் படிக்காத வாங்குபவரால் அதிகம் அடிபடுவது குயிலாப்பாளையம் போன்ற ஊர்கள்தான். இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரப்படுத்திய தன்மை இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. நல்ல விதி. அளவைச் சரியாகக் குறித்திருந்தால் விற்பவர் அதைக் காட்டி வாதாடவும் முடியும். ஆனால் ஒற்றை ஸ்டாருக்கு எதிராக எந்த விதியும் துணைக்கு வராது.

விற்பவர் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. நீல்சன் தன் சகா ஜான் மோர்க்ஸுடன் சேர்ந்து செய்த சோதனையில், எழுத்தைப் பாதியாகக் குறைத்தபோது பக்கத்தின் பயன்பாடு 58 சதவீதம் கூடியது. கூடவே புகழுரையை நீக்கி, கண் மேயத் தோதாகப் பிரித்து எழுதியபோது 124 சதவீதம். “பாரம்பரிய அழகு மிளிரும்” என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிட்டு, முதல் வரியிலேயே “ஒரு டம்ளர் காபி கொள்ளும், உயரம் 7 செ.மீ.” என்று தமிழிலும் போடலாம். இரண்டாவது படத்தில் ஒருவர் கோப்பையைக் கையில் பிடித்திருக்கட்டும். தூக்கிக் காட்டும் பத்து விநாடி வீடியோ இன்னும் நல்லது. கையைப் பார்த்த மாத்திரத்தில் மூளைக்கு அளவுகோல் கிடைத்துவிடும்.

அந்தக் கை முதல் படத்திலேயே இருக்க வேண்டும். கைவினைப் பொருள்களுக்கு மட்டுமாவது வெள்ளைப் பின்னணி விதியைத் தளர்த்தி, செய்தவரின் கை தெரிய ஒரு படத்தைப் பெரிய தளங்கள் முதலில் அனுமதிக்கட்டும். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. விதியில் ஒரு வரியை மாற்றினால் போதும்.