எது பெரிது? எது சிறிது?

உங்கள் வீட்டில் நான்கு அல்லது ஐந்து வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால், இந்தச் சிறு சோதனையைச் செய்து பாருங்கள். ஆறு புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக வையுங்கள். அவற்றிற்கு நேர்கீழே, ஒன்றுக்கு ஒன்றாக, இன்னும் ஆறு கொட்டைகளை வையுங்கள். "இரண்டு வரிசையிலும் கொட்டைகள் சமமாக இருக்கின்றனவா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று குழந்தை சொல்லும். இப்போது அதன் கண்ணெதிரிலேயே கீழ்வரிசைக் கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்து வரிசையை நீளமாக்குங்கள். அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள். "கீழேதான் நிறைய இருக்கு" என்று பதில் வரலாம். இத்தனைக்கும் அந்தக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை தடையில்லாமல் ஒப்பிக்கக் கூடியதாக இருக்கும்!

இது எப்படி? சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஜீன் பியாஜே இத்தகைய சோதனைகளைப் பல குழந்தைகளிடம் செய்து, 1941இல் நூலாக வெளியிட்டார். எண்களின் பெயர்களைச் சொல்வது வேறு, எண்ணிக்கையை உணர்வது வேறு என்பதை அவை காட்டின.

எண்ணுதல் என்றால் என்ன?

திருச்சி மலைக்கோட்டையில் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு படியேறும் குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? வாய் "ஏழு, எட்டு, ஒன்பது" என்று ஓடும். கால் ஏழாவது படியிலேயே நிற்கும். எண்ணுவதற்கு மூன்று திறன்கள் சேர வேண்டும். எண்ணின் பெயர்களை மாறாத வரிசையில் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் மட்டுமே தர வேண்டும். கடைசியாகச் சொன்ன பெயரே மொத்தத்தைக் குறிக்கும் என்று அறிந்திருக்க வேண்டும். 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டலும் விளக்கிய விதிகளுள் முக்கியமானவை இவை. பத்துப் படிகள் ஏறியதும் "எத்தனை படி ஏறினாய்?" என்று கேளுங்கள். குழந்தை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், மூன்றாவது விதி இன்னும் கைவரவில்லை என்று பொருள்.

வரிசைப்படுத்துதல்

அடுத்த படி, அளவுப்படி அடுக்குவது. ஸ்ரீரங்கம் கோயிலை ஏழு பிராகாரங்கள் ஒன்றினுள் ஒன்றாகச் சூழ்ந்திருப்பதை அறிவீர்கள். வெளியிலிருந்து உள்ளே வந்தால் அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி என்று சுற்று சிறிதாகிக்கொண்டே போகும். சித்திரை வீதி உத்திர வீதியைவிடப் பெரியது. அடையவளஞ்சான் வீதியைவிடச் சிறியது. ஒரே வீதி பெரியதாகவும் சிறியதாகவும் இருக்கிறது! நமக்கு இது எளிது. சிறு குழந்தைக்கோ ஒரு பொருள் பெரியது, அல்லது சிறியது. இரண்டுமாக இருக்க முடியாது.

அளவில் சிறிது சிறிதாக மாறுபடும் பத்துக் குச்சிகளைக் கொடுத்தால், இளங்குழந்தை அவற்றைப் 'பெரியவை', 'சிறியவை' என இரண்டு குவியலாக்கும். பின்னர், தட்டுத்தடுமாறி அடுக்கும். ஏழு வயதையொட்டியே, மிச்சமுள்ளவற்றுள் மிகச் சிறியதைத் தேடித் தேடி எடுக்கும் முறையைக் கண்டுபிடிக்கும் என்றார் பியாஜே.

கையே ஆசிரியர்

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க இயலுமா? கைக்கு வேலை கொடுப்பதே நல்ல வழி. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, பத்துக் கனசதுரக் கட்டைகளைப் பயன்படுத்தினார். பக்கம் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை. பெரியதன்மேல் சிறியதாக அடுக்கினால் கோபுரம் உருவாகும். ஒரு கட்டை இடம் மாறினால், கோபுரமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். "தப்பு" என்று யாரும் அதட்ட வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவராகிய நீங்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கம் பத்து மடங்காகும்போது கன அளவு ஆயிரம் மடங்காகிறது!

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளிலும் நெல்லிலக்கம் என்ற பெயரில் முகத்தலளவைகள் கற்பிக்கப்பட்டன. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. பழைய அளவைகள் வீட்டில் இருந்தால், குழந்தையிடம் அரிசியைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்பதை அதுவே கண்டுபிடிக்கட்டும். அளவைகள் இல்லையெனில் நான்கைந்து கிண்ணங்களே போதும்.

அவசரப்படாதீர்கள்

தவறான விடை வந்தால் சிரிக்காதீர்கள். சில சமயம் தவறு நம் கேள்வியிலேயே இருக்கும். பெரியவர் ஒருவர் அதே கேள்வியை இருமுறை கேட்டால், "முதல் பதில் சரியில்லை போலும்" என்று குழந்தை நினைக்கலாம். 1970களில் ஸ்காட்லாந்தில் மக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் வரிசையைத் தாங்கள் கலைக்காமல், குறும்புக்காரக் கரடிப் பொம்மை கலைப்பதாக நடித்தனர். உடனே மிக அதிகமான குழந்தைகள் சரியாகப் பதில் சொன்னார்கள்! குழந்தைகள் அவைதாம், கேட்ட விதம்தான் மாறியது.

ஆகவே ஐந்து வயதில் ஒரு குழந்தைக்குக் "கணக்கு வராது" என்று முத்திரை குத்துவது பெருந்தவறு. அந்தச் சொல்லைக் குழந்தை நம்பிவிட்டால், பத்தாம் வகுப்பு வரை அந்த அச்சம் கூடவே வரும். 2020இல் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல குழந்தைகள் இந்த அடிப்படைகளைக் கற்கும் காலத்தையே இழந்தனர். அதை ஈடுசெய்யவே 2022இல் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. பள்ளி செய்வதற்குத் துணையாக, வீட்டில் அண்ணனும் அக்காவும் செய்யக்கூடியதும் நிறைய உண்டு.

அளவுப்படி அடுக்குவதைக் குழந்தை விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். 1812இல் ஜெர்மானிய விஞ்ஞானி மோஸ், எது எதைக் கீறுகிறது என்று பார்த்தே பத்துக் கனிமங்களைக் கடினத்தன்மைப்படி வரிசைப்படுத்தினார். டால்க் முதலாவது, வைரம் பத்தாவது. அந்த வரிசை இன்றும் பயன்படுகிறது. அளப்பதற்கு முன் அடுக்கத் தெரிய வேண்டும். விஞ்ஞானிக்கும் அதே பாடம்தான்.

இன்று மாலை சமையலறைக் கரண்டிகளைத் தங்கையிடம் கொடுத்து, சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கி முடித்ததும், நடுக்கரண்டியைக் காட்டி, "இது பெரிதா, சிறிதா?" என்று கேளுங்கள். பதிலுக்குச் சற்றுப் பொறுமையாகக் காத்திருங்கள்.