சாளக்கிராமமும் பூகம்பமும்

நம்மில் பலருடைய வீட்டுப் பூஜைப் பெட்டியில் சாளக்கிராமம் இருக்கிறது. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லுக்குப் பாலபிஷேகம் செய்து வணங்குகிறோம். அதில் தெரியும் சக்கரம், 10 கோடி வருஷங்களுக்கும் முன்னே கடலில் வாழ்ந்த ஒரு பிராணியின் ஓட்டுச் சுருள் என்கிறார்கள் பூகர்ப்ப சாஸ்திரிகள். கடற்பிராணிக்கு ஹிமாலயத்தில் என்ன வேலை?

பூமியின் மேலோடு ஒரே துண்டாக அமைந்ததன்று. பல பெரும் பாறைத் தட்டுகளாகப் பிளவுண்டு, மெல்ல நகர்ந்து கொண்டேயிருக்கிறது. பாரத பூமியைத் தாங்கிய தட்டு வருஷத்துக்குச் சுமார் 2 அங்குலம் வடக்கே செல்கிறது. முன்னொரு காலத்தில் நமக்கும் ஆசியாவுக்கும் இடையே டெதிஸ் என்னும் கடல் இருந்தது. அதன் தரை ஆசியாவின் அடியில் புகுந்து மறைந்தது. ஏறக்குறைய 5 கோடி வருஷங்களுக்கு முன் நிலமும் நிலமும் மோதின. கண்டத்துப் பாறை கடலடிப் பாறையைப் போல் கனமுடையதன்று; எளிதில் அமிழாது. ஆகவே மடிந்தது, முறிந்தது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. எவரெஸ்டின் உச்சியே கடலில் படிந்த சுண்ணாம்புக் கல்தான்!

தட்டுகள் சந்திக்கும் இடமெல்லாம் இப்படி மலையாவதில்லை. ஐஸ்லாந்தில் அவை விலகுகின்றன. பிளவில் பாறைக் குழம்பு பொங்கிப் புது நிலமாகிறது. கலிபோர்னியாவில் ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. 1906-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரம் அதனாலேயே பாழாயிற்று. சுமத்ராவுக்கு அருகே ஒன்றன்கீழ் ஒன்று நுழைகிறது. 2004-ல் அங்கே கடல்தரை திடீரென்று எழும்பியதன் விளைவை நாகப்பட்டினத்தார் அறிவார்கள்.

இமயத்தின் அடியிலோ தட்டு வழுக்கிச் செல்லாமல் நூற்றாண்டுக் கணக்கில் சிக்கி நிற்கிறது. இறுக்கம் முற்றியதும் ஓரிரு நிமிஷங்களில் விடுபடுகிறது. 1934 ஜனவரி 15-ல் பீகாரைக் குலுக்கியது இதுவே. சில நாட்களில் திருநெல்வேலியில் பேசிய மகாத்மா, தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை அது என்றார். மகாகவி தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். தீண்டாமை பாவம் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. பூகம்பத்தைப் பொறுத்தவரை கவியின் பக்கமே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். பாவத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டால் சுவரைப் பற்றி யார் கவலைப்படுவார்?

2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தில் சுமார் 9,000 பேர் மாண்டனர். மண்சாந்தில் கல்லடுக்கிய வீடுகளே பலருக்கும் எமனாயின. மரத்தாலோ கான்கிரீட்டாலோ சுவரைச் சுற்றிப் பட்டை ஓட்டி, நான்கு மூலைகளையும் பிணைத்த வீடு, ஆட்டம் கண்டாலும் சட்டென்று சரிவதில்லை. உள்ளிருப்பவர்கள் வெளியே ஓட அவகாசம் கிடைக்கிறது.