பழம்பொருளுக்கு உயிரூட்டும் பொதுவிழாக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாகூருக்கும் மூல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை போடப்பட்டது. தண்டவாளத்தின் அடியிற் பரப்புவதற்குப் போதிய கல் அப்பகுதியில் கிடைக்கவில்லை. ஆனால் ஹரப்பா என்னும் சிற்றூரை ஒட்டியிருந்த மேடுகளில் நன்கு சுட்ட செங்கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. அவை வண்டி வண்டியாக ஏற்றிச் செல்லப்பட்டு, உடைக்கப்பட்டு, பல மைல் தூரத்திற்குப் பாதையின் கீழ்ப் பரப்பப்பட்டன. அம்மேடுகள் உலகின் மிகப் பழைய நகர நாகரிகங்களுள் ஒன்றைச் சேர்ந்தவை என்பதை, 1924ஆம் ஆண்டில் சர் ஜான் மார்ஷல் அறிவித்த பின்னரே உலகம் உணர்ந்தது. அதற்குள் அந்நகரின் மேற்பகுதியில் பெரும் பங்கு அழிந்துபோயிருந்தது.

செங்கற்களை எடுத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அவை எவை என்பது அவர்களுக்குத் தெரியாது; அருகே வாழ்ந்தவர்களுள் எடுத்துச் சொல்லவல்லார் எவரும் இலர். இன்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது; இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் ஏறத்தாழ 3,700 நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. ஆயினும் வயல் நடுவே கிடக்கும் மேடுகளும், ஏரிக்கரைக் கல்வட்டங்களும், ஓடைச் சரிவில் சிதறிய கற்கருவிகளும் எண்ணிறந்தவை. அவை ஒவ்வொன்றுக்கும் காவலரை நியமித்தல் எந்த அரசாங்கத்தாலும் இயலாது. அவ்வூர் மக்களே அவற்றின் காவலர். பழம்பொருளின் மதிப்பை மக்கள் தம் கண்ணாலும் கையாலும் உணரச் செய்யும் பொதுவிழாக்கள் இதனால் இன்றியமையாதவை ஆகின்றன.

நாட்காட்டியில் உள்ள வாய்ப்புக்கள்

ஆண்டுதோறும் ஏப்ரல் 18 உலக மரபுச் சின்னங்கள் தினமாகவும், மே 18 சர்வதேசப் பொருட்காட்சிசாலை தினமாகவும், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரமாகவும் நம் நாட்டில் கொண்டாடப்படுகின்றன. பள்ளி விடுமுறையில் வரும் மே மாதத்தினும் நவம்பர் வாரமே ஆசிரியர்களுக்கு ஏற்றது. இந்நாட்களில் கண்காட்சிகளும் ஓவியப் போட்டிகளும் சொற்பொழிவுகளும் நடைபெறுகின்றன. இவை நல்லனவே. எனினும், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பானை ஓட்டைக் கண்டு நகரும் சிறுவன், பெயர்ச்சீட்டில் எழுதியிருப்பதை வாசிக்கிறானேயன்றி அவ்வோட்டைச் செய்த கையை எண்ணுவதில்லை. அவ்வெண்ணத்தைத் தூண்டுவது எவ்வாறு என்பதே நாம் ஆராய வேண்டுவது.

அகழ்விடமே பள்ளிக்கூடம்

இத்துறையில் வழிகாட்டியவருள் ஒருவர் சர் மார்டிமர் வீலர். அவர் 1934 முதல் 1937 வரை இங்கிலாந்தில் மெய்டன் காஸில் என்னும் பழங்கோட்டையை அகழ்ந்தபொழுது, பொதுமக்கள் வந்து பார்ப்பதை இடையூறாகக் கருதவில்லை. வருவோர்க்கு விளக்கம் கூற ஆட்களை நியமித்தார். படங்கள் அச்சிட்ட அஞ்சலட்டைகளை விற்பித்தார். 1944ஆம் ஆண்டில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் தலைவராகப் பொறுப்பேற்ற அவர், தட்சசீலத்தில் இளைஞர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார்; 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தார். தாயகம் திரும்பியபின், 1950களில் பி.பி.சி. தொலைக்காட்சியில் நடைபெற்ற ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில் பங்குகொண்டார். பொருட்காட்சிசாலையிலிருந்து கொணர்ந்த ஏதேனும் ஒரு பொருளை அறிஞர் மூவர் முன் வைத்து, ‘இஃது எது? எந்நாட்டது? எக்காலத்தது?’ என்று கேட்பதே அந்நிகழ்ச்சி. தொட்டும் திருப்பியும் பார்த்து அவர்கள் விடையை நெருங்கும் விதம் மக்களைப் பெரிதும் கவர்ந்தது. பொருளை நோக்கி வினாக்களை எழுப்புதலே தொல்லியலின் முதற்பாடம் என்பதை அது வீடுதோறும் கொண்டு சென்றது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மதுரைக்கு அருகே கீழடியில் அகழ்வு நடந்த ஆண்டுகளில், மாணவரும் குடும்பத்தினரும் திரள்திரளாக வந்து குழிகளின் ஓரத்தில் நின்று செங்கற் சுவர்களையும் உறைகிணறுகளையும் கண்டனர். 2023ஆம் ஆண்டில் அங்கே ஒரு பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. அகழ்ந்தெடுத்த பொருளை எங்கோ தொலைவில் வைப்பதினும், கிடைத்த மண்ணுக்கு அருகிலேயே வைப்பது ஊராருக்கு அதன்மேல் உரிமையுணர்ச்சியை உண்டாக்கும்.

ஒரு மணிக்கு எத்தனை மணி நேரம்?

பார்ப்பதற்கும் செய்வதற்கும் உள்ள வேற்றுமையை விளக்க ஓர் உதாரணம் போதும். சிந்துவெளி நகரங்களில் சூதுபவளத்தால் ஆகிய நீண்ட மணிகள் கிடைத்துள்ளன. மெசபொடேமியாவில் ஊர் நகரத்து அரச கல்லறைகளிலும் இத்தகையவை காணப்பட்டன. குஜராத்தில் லோதல் என்னுமிடத்தில் 1955ஆம் ஆண்டு தொடங்கி எஸ். ஆர். ராவ் நடத்திய அகழ்வில் மணி செய்யும் தொழிற்கூடமே வெளிப்பட்டது. பேழையில் இருக்கும்பொழுது அம்மணி ஓர் அழகிய சிவந்த கல்; அவ்வளவே.

ஆனால் லோதலுக்கு அண்மையிலுள்ள கம்பாத் நகரத்தில் இன்றும் கல்மணித் தொழில் நடைபெறுகிறது. ஆராய்ச்சியாளர்கள் அத்தொழிலாளரிடம் அமர்ந்து வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் கற்றனர். வெட்டியெடுத்த கல்லை முதலில் வெயிலில் உலர்த்துகின்றனர். பின்பு மட்பாண்டத்திலிட்டு மெல்லிய தணலில் சூடாக்குகின்றனர். கல்லிலுள்ள இரும்புச் சேர்மம் மாறுதலடைந்து மங்கிய நிறம் செந்நிறமாகிறது. பின்னர்ச் சில்லுச் சில்லாகத் தட்டி உருவாக்கி, தேய்த்து, இறுதியில் வில் துரப்பணத்தால் துளையிடுகின்றனர்.

சிந்துவெளிக் கைவினைஞர் துளையிடப் பயன்படுத்திய துரப்பண முனைகள் மிகக் கடினமான ஓர் அரிய கல்லால் ஆனவை. மோகஞ்சதாரோவிலும் சன்ஹுதாரோவிலும் அகழ்வு நடத்திய எர்னஸ்ட் மக்கே என்பாரின் நினைவாக அக்கல்லுக்கு எர்னஸ்டைட் என்று பெயரிட்டுள்ளனர். அத்தகைய முனையைக் கொண்டு பேராசிரியர் கெனோயர் முதலியோர் சோதித்தபொழுது, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் ஆழமே துளையிட முடிந்தது. எனவே 10 சென்டிமீட்டர் நீளமுள்ள மணி ஒன்றில் துளையிட மட்டும் இடைவிடாத 40 மணி நேர உழைப்பு வேண்டும். இருபுறமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்கச் செய்தல் வேண்டும். சிறிது வழுவினாலும் கல் பிளந்து, அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும். ஒரு சிறுவன் வில் துரப்பணத்தைக் கால்மணி நேரம் இயக்கி, நகக்கண் அளவும் துளை இறங்காததைக் கண்டபின் அதே பேழையின் முன் நின்றானாயின், அவன் காண்பது வேறொரு மணியாகும்.

நெருப்பும் குழியும்

இம்முறை பரிசோதனைத் தொல்லியல் எனப்படும். டென்மார்க்கில் லேய்ரே என்னும் இடத்தில் 1964ஆம் ஆண்டு முதல் இதற்கென ஒரு நிலையம் நடைபெற்று வருகிறது. அங்கே இரும்புக் காலத்து வீடுகளைக் கட்டி, விடுமுறை நாட்களில் குடும்பங்கள் அவற்றில் தங்கி அக்காலத்தவரைப்போல் சமைத்தும் நெய்தும் வாழ இடமளிக்கின்றனர். 1967இல் அத்தகைய வீடு ஒன்று வேண்டுமென்றே எரிக்கப்பட்டது. எரிந்த வீடு மண்ணில் எத்தகைய தடயங்களை விடுகிறது என்பதை அறிய, 1992இல் அவ்விடம் அகழ்ந்து பார்க்கப்பட்டது.

இங்கிலாந்தில் 1972இல் நிறுவப்பட்ட பட்ஸர் பழம்பண்ணையில் பீட்டர் ரெய்னால்ட்ஸ் செய்த சோதனை, கிராமப் பணியாளர்க்கு மிகவும் பயன்படத்தக்கது. பழங்கால மக்கள் தரையில் தோண்டிய குழிகளில் தானியத்தைச் சேமித்தனரா, அது கெடாதிருக்குமா என்ற ஐயம் அறிஞரிடையே இருந்தது. ரெய்னால்ட்ஸ் குழி தோண்டித் தானியத்தை நிரப்பி, வாயைக் களிமண்ணால் காற்றுப்புகாமல் அடைத்தார். சுவரை ஒட்டிய தானியம் ஈரத்தால் சிறிது முளைவிட்டு, உள்ளிருந்த பிராணவாயுவைச் செலவிட்டுக் கரியமில வாயுவை வெளியிட்டது. அவ்வாயு நிறைந்தபின் முளைத்தல் நின்றது. பூச்சிகளும் பூஞ்சணமும் பெருகவில்லை. எஞ்சிய தானியம் மாரிக்காலம் முழுதும் நல்ல நிலையில் இருந்தது. கன்னட நாட்டில் ‘ஹகேவு’ என்று வழங்கும் தானியக்குழிகளில் கேழ்வரகைச் சேமித்த முதியவர்கள் இதைக் கேட்டு வியப்படையமாட்டார்கள். ஊர் முதியவரின் அனுபவமே தொல்லியலுக்குச் சான்றாக அமையும் இடம் இது.

போபால் காட்டும் வழி

நம் நாட்டில் போபால் நகரத்து இந்திரா காந்தி தேசிய மானுடப் பொருட்காட்சிசாலை ஏறத்தாழ 200 ஏக்கர்ப் பரப்பில் அமைந்துள்ளது. அதன் வளாகத்திலேயே பழங்கால ஓவியங்களைக் கொண்ட பாறைக் குடைவுகள் உள்ளன. பல மாநிலங்களைச் சேர்ந்த பழங்குடி மக்களே வந்து, தம் ஊரின் முறைப்படி மரமும் மூங்கிலும் மண்ணும் கொண்டு அங்கே தம் வீடுகளைக் கட்டியிருக்கின்றனர். ‘செய்து கற்போம்’ என்னும் பொருள்படும் பயிற்சி வரிசை ஒன்றும் அங்கு நடைபெறுகிறது. அதில் கைவினைஞர் ஆசிரியராகிறார். நகரத்து மாணவர் அவரிடம் மண் பிசையவும் கூடை முடையவும் கற்கின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இன்று வாழும் எந்தச் சமூகத்தையும் ‘ஆதி மனிதர்’ என்று காட்சிப்படுத்துதல் தவறு. அவர்கள் நம் காலத்தவர். அவர்களிடம் இருப்பது தலைமுறைகளின் அனுபவத்தால் வளர்ந்த தொழிலறிவு. அவ்வறிவு பழமையை விளங்கிக்கொள்ள நமக்கு உதவுகிறது. அவ்வளவில் அவர்கள் நமக்கு ஆசான்கள்.

பள்ளியிலும் ஊரிலும் செய்யத்தக்கவை

பெரும் பொருட்செலவின்றி ஒரு நாள் விழாவாக நடத்தத்தக்க நான்கு செயல்களை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, மண்ணடுக்குப் பெட்டி. ஒரு மரப்பெட்டியில் செம்மண், சாம்பல், மணல், கரிசல் என அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் உடைந்த ஓடு, சிப்பி, புதிய நாணயம் முதலியவற்றை இடுக. ஓரிடத்தில் மேலிருந்து ஒரு குழி பறித்து, அதில் மிகப் புதிய பொருளொன்றை இட்டு மூடுக. மாணவர் கொத்தனார் கரண்டியும் தூரிகையும் கொண்டு மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக நீக்கி, கண்டதை உடனுக்குடன் வரைந்து குறிக்கவேண்டும். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்னும் விதியையும், குழியினால் புதிய பொருள் கீழே சென்று நம்மை ஏமாற்றுவதையும் அவர்கள் தாமே கண்டறிவர்.

இரண்டாவது, கருப்புச்-சிவப்பு மட்பாண்டம். ஊர்க் குயவரை அழைத்து, ஒரே களிமண்ணால் ஆகிய இரு கிண்ணங்களைச் சுடச் சொல்லுக. ஒன்றை நிமிர்த்தி வைக்கவும். மற்றொன்றினுள் உமியை அடைத்துக் கவிழ்த்து வைக்கவும். காற்றுப் பட்ட பகுதி சிவக்கும். காற்றுப் படாத உட்பகுதி கறுக்கும். நாட்டின் பல பகுதிகளில் கிடைக்கும் இவ்விரு நிறப் பாண்டங்கள் உருவான விதத்திற்கு இஃது ஒரு விளக்கம்.

மூன்றாவது, தக்களி. சிந்துவெளி நகரங்களிலும் கீழடியிலும் நூல் நூற்கும் தக்களியின் வட்டுக்கள் கிடைத்துள்ளன. களிமண்ணால் வெவ்வேறு எடையுள்ள வட்டுக்களைச் செய்து, ஒரே பஞ்சில் நூற்றுப் பார்க்கலாம். இலேசான வட்டு மெல்லிய நூலுக்கும், கனத்த வட்டு தடித்த நூலுக்கும் ஏற்றது என்பது விரைவில் புலனாகும்.

நான்காவது, வில் துரப்பணம். இதற்கு மாக்கல் போன்ற மென்மையான கல்லைக் கொள்க. எப்பொழுதும் நீர் விட்டே துளைக்கவேண்டும். அகேட், சூதுபவளம் ஆகியவற்றின் தூள் நுரையீரலில் படிந்து சிலிகோஸிஸ் என்னும் கொடிய நோயை உண்டாக்குகிறது. கம்பாத் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர் என்பதையும் மாணவர்க்குச் சொல்லுக. அழகிய மணிக்குப் பின்னே உழைப்பு மட்டுமன்றி உயிரும் இருக்கிறது.

செய்யத்தகாதவை

விழாவின் பெயரால் எந்த மேட்டையும் தோண்டலாகாது. அகழ்தல் என்பது ஒரு நூலின் ஏட்டைப் படித்தவுடன் எரித்துவிடுதல் போன்றது. மறுமுறை படிக்க இயலாது. ஆகவேதான் அதற்கு உரிமம் பெற்ற வல்லுநர் வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவோர்க்கு, 2010இல் செய்த திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உழும்பொழுதோ கிணறு வெட்டும்பொழுதோ புதையல் கிடைப்பின், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. பொருளை எடுத்துக் கழுவி வைப்பதினும், கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துச் செய்தி அனுப்புதலே சிறந்தது. இடம் அறியப்படாத பொருள் தன் வரலாற்றில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

நாடகம் நடிப்பதாயின் மூன்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுக: மண்ணில் கிடைத்தது எது? சோதனையால் அறிந்தது எது? நம் ஊகம் எது? சிந்துவெளி எழுத்து இதுகாறும் ஐயமற வாசிக்கப்படவில்லை. ஆதலின் மோகஞ்சதாரோ வணிகன் ஒருவனை மேடையேற்றினால், அவன் எடைக்கற்களை வைத்து நிறுத்துக் காட்டட்டும். அவன் பேசிய மொழி இன்னதென்று நாம் சாதிக்க வேண்டுவதில்லை. ‘இது தெரியாது’ என்று சொல்ல அஞ்சாத ஆசிரியரே மாணவர் உள்ளத்தில் ஆராய்ச்சியின் வித்தை ஊன்றுகிறார்.

ஹரப்பாவின் செங்கற்கள் தண்டவாளத்தின் கீழ் நொறுங்கிப்போயின. அவற்றை மீட்க வழியில்லை. ஆனால் நாளை ஓர் ஊரில் மேட்டைச் சமப்படுத்த மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும். அன்று அங்கே, மண்ணடுக்குப் பெட்டியைத் தன் கையால் ஆராய்ந்த ஒருவன் இருப்பானாயின், சற்றுப் பொறுக்கச் சொல்லி ஓடிச்சென்று கிராம அலுவலரிடம் கூறுவான். அத்தகைய ஒருவனையேனும் ஒவ்வோர் ஊரிலும் உண்டாக்குதலே இவ்விழாக்களின் பயன். அப்பணி ஆசிரியர்களையும் கிராமப் பணியாளர்களையும் சார்ந்தது.