குகையில் புகை போச்சு, தலைக்கு மேல் கம்பி வந்தாச்சு

காஹாங் லயங்களுக்கு நாம் போனால் முதல் கேள்வியே, "குளுவாங்குக்கு மின்சார ரயில் வந்திருச்சாமே, அண்ணே?" என்பதுதான். வந்துவிட்டது, 2025 ஆகஸ்டில். ஏறிப் பார்க்க நமக்கும் ஆசைதான்.

பேராக்கில் தைப்பிங் பக்கம் புக்கிட் பெராப்பிட் மலை. அந்தக் காலத்தில் நீராவி எஞ்சின் மூச்சு வாங்கி ஏறும்; குகைக்குள் புகை கண்ணைக் கரிக்கும். இப்போது 3.3 கிலோமீட்டர் சுரங்கப்பாதையில் மின்சார ரயில் புகையில்லாமல் பாய்கிறது. தனி எஞ்சின் கிடையாது. மோட்டார் பெட்டிக்கு அடியிலேயே. சரக்கு ரயிலைத்தான் இன்னும் டீசல் எஞ்சின் இழுக்குது.

அந்த ரயிலுக்குச் சக்தி தருவது தண்டவாளத்துக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பி. தொடவே வேண்டாம், கிட்டே போனாலே பாயும். நாம் செம்பனைக் குலை வெட்டுவதோ நீட்டு அலுமினியக் கம்பால்! ரெங்கம் பக்கம் ரயில் பாதையோரத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் தோழர்களே, பாதையை ஒட்டிய மரங்களில் அந்தக் கம்பை நீட்டாதீர்கள். மின்சாரம் பாயாத கம்பு கேளுங்கள். கொடுக்கும்வரை அந்த வரிசை அப்படியே நிற்கட்டும். மண்டோர் முறைத்தால் தோட்டக் கமிட்டிக்கு அன்றைக்கே ஆள் அனுப்புங்கள், நாம் வருகிறோம்.