கடைக்காரர் நம் கடன் கணக்கைப் பார்க்கலாமா?

பெருந்தொகைக்குப் பொருள் வாங்கும் ஒருவர் காசோலையை நீட்டும்போது கடைக்காரரின் முகத்தில் ஒரு தயக்கம் தோன்றும். பொருள் இன்றே கடையைவிட்டுப் போய்விடும். பணம் வருமா என்பது பிறகுதான் தெரியும். தம் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. பொருளாதாரத்தில் இதைத் 'தகவல் சமமின்மை' என்பர்.

கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றம் பரவிய பின்னர் புதுச்சேரி நேரு வீதியின் சிறு கடைகளில் காசோலையைக் காண்பது அரிதாகிவிட்டது. ஆனால், முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒரே பரிவர்த்தனையில் ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. எனவே, திருமண நகை வாங்கும் குடும்பத்துப் பெரியவரின் பையிலிருந்து காசோலைப் புத்தகம் இன்னும் வெளியே வரத்தான் செய்கிறது. மொத்த வியாபாரத்தில் பின்தேதியிட்ட காசோலைகள் இன்றும் கைமாறுகின்றன.

இந்நிலையில், வாடிக்கையாளரின் பான் எண்ணை வாங்கி, அவருடைய 'சிபில்' மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டால் என்ன என்ற எண்ணம் வணிகர்களுக்கு எழுவது இயல்பே. சட்டத்தின் விடை தெளிவானது: பார்க்கக் கூடாது.

நம் நாட்டில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005-இன்கீழ், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இவை இயங்குகின்றன. இவற்றிடம் உள்ள தகவலைப் பெறும் உரிமை வங்கிகள், நிதி நிறுவனங்கள் போன்ற கடன் வழங்குவோருக்கும், காப்பீட்டு நிறுவனம், தொலைபேசி நிறுவனம் என விதிகளில் குறிப்பிடப்பட்ட சிலருக்கும் மட்டுமே உண்டு. நகைக்கடையோ மளிகைக்கடையோ அப்பட்டியலில் இல்லை. அனுமதியின்றித் தகவலைப் பெறுவோருக்கு ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க 22-ஆவது பிரிவு வகை செய்கிறது. அவ்வாறு பெற்ற தகவலை எந்தக் காரணத்துக்காகவும் கருத்தில் கொள்ளக் கூடாது என்றும் அப்பிரிவு கூறுகிறது.

வாடிக்கையாளரே தம் அறிக்கையை எடுத்துக் காட்டினால் அது வேறு. ஆனால், 'காட்டினால்தான் பொருள்' என்று ஒரு கடை நிபந்தனை விதிப்பது, சட்டம் மூடிய கதவைப் பின்வாசல் வழியாகத் திறப்பதற்கு ஒப்பாகும்.

பார்த்தாலும் பயன் குறைவு என்பதுதான் இதில் வேடிக்கை. 300 முதல் 900 வரை அமையும் அந்த மதிப்பெண், ஒருவர் வாங்கிய கடன்களை எவ்வாறு திருப்பிச் செலுத்தினார் என்பதைச் சொல்லும். இன்று அவரது வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. வாழ்நாளில் கடனே வாங்காமல், ஓய்வூதியத்தில் நாணயமாக வாழும் ஒருவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. கணினித் திரையில் அவர் முன்பின் தெரியாதவராகத் தோன்றுவார். பல கடன்களை ஒழுங்காகக் கட்டிவரும் ஒருவர், மாதக் கடைசியில் வெற்றுக் கணக்கின் மீது காசோலை எழுதலாம். அவரது மதிப்பெண் உயர்ந்தே இருக்கும்.

அப்படியானால் வணிகருக்கு என்னதான் பாதுகாப்பு? முதலாவதாக, காசோலையை ஏற்க வேண்டும் என்று அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அது சட்டபூர்வச் செலாவணி அன்று. ஏற்றபின் அது பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இருக்கிறது. 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இப்பிரிவின்படி, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாள்களுக்குள் அறிவிக்கை அனுப்ப வேண்டும். 15 நாள்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும். இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம் எனத் தண்டனை கடுமையானதே.

ஆனால், நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது? 2019 இறுதியில் நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடி குற்றவியல் வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்பதை உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2021 ஏப்ரலில் அளித்த தீர்ப்பு சுட்டிக்காட்டியது. அதாவது, ஏறத்தாழ 15 சதவீதம். கொலை, கொள்ளை வழக்குகளுக்காகக் கட்டப்பட்ட நீதிமன்றக் கூடங்களை நிலுவைத்தொகை வசூலிக்கும் இடமாக மாற்றிவிட்டோம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் புதுவைக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு நாட்டைப் பார்ப்பது நலம். நாம் 1991-இல் எதிர்த்திசையில் வெகுதூரம் வந்துவிட்டிருந்தோம். அதே ஆண்டு டிசம்பரில் பிரான்ஸ் இயற்றிய சட்டம், பணமின்றிக் காசோலை எழுதுவதைக் குற்றம் என்ற நிலையிலிருந்து பொதுவாக விடுவித்தது. அதற்கு மாறாக, அவ்வாறு எழுதியவர் நிலுவையைத் தீர்க்கும் வரை, அதிகபட்சம் பத்து ஆண்டுகள், காசோலை எழுதத் தடை விதித்தது. கூடவே, கடைக்காரருக்கு ஒரு கருவியையும் அளித்தது. தொலைந்த, திருடப்பட்ட காசோலைகள், மூடப்பட்ட கணக்குகள், தடை விதிக்கப்பட்டவர்களின் கணக்குகள் ஆகியவற்றின் பதிவேட்டை பிரான்ஸின் மைய வங்கி பராமரிக்கிறது. சந்தா கட்டிய கடைக்காரர், காசோலையின் அடிப்பகுதியில் அச்சிட்டுள்ள எண் வரிசையைக் கருவியில் செலுத்தினால் வண்ணத்தில் விடை வரும். பச்சை என்றால் பாதகமான பதிவு ஏதும் இல்லை. சிவப்பு என்றால் இருக்கிறது.

அவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். வாங்குபவரின் வீட்டுக்கடன், இருப்புத்தொகை, குடும்பச் செலவு எதுவும் தெரியாது. ஆராயப்படுவது காசோலை, ஆள் அல்லர். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்களில், பிள்ளைகள் பாரீஸில் இருப்போர் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். தனிநபர் கடன்கள் அனைத்தையும் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு ஒன்றை அந்நாட்டு அரசு உருவாக்க முனைந்தபோது, அந்தரங்க உரிமைக்கு அது பொருந்தாது என்று 2014 மார்ச்சில் அரசமைப்பு மன்றம் அதை நிராகரித்தது.

அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது: வாடிக்கையாளரே தொடங்கிய வணிகத்துக்கு நியாயமான தேவை இருந்தால் அறிக்கை பெறலாம். ஆனால், அதைக்கொண்டு காசோலையை மறுத்தால், எந்த நிறுவனத்தின் தகவலால் மறுத்தோம் என்று சொல்லியாக வேண்டும்.

நமக்குப் பொருந்துவது பிரெஞ்சு வழியே என்பது என் கருத்து. அதற்கான அடித்தளமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 4 முதல், பகலில் குறித்த நேரத்துக்குள் தீர்வகத்துக்கு அனுப்பப்படும் காசோலைக்கு, பணம் தர வேண்டிய வங்கி அன்றிரவு 7 மணிக்குள் விடை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். இரவு 7 மணிக்குள் சொல்ல முடிந்த விடையின் ஒரு பகுதியை, இந்தக் கணக்கு உயிருடன் இருக்கிறதா, இந்தக் காசோலை தொலைந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்ற அளவிலாவது, கல்லாவிலேயே சொல்ல வைப்பது தொழில்நுட்பத்துக்கு அரிதன்று. அதுவரை, காசோலை கொண்டுவருபவரிடம் 'நகையை நாளை பெற்றுக்கொள்ளுங்கள்' என்று மரியாதையுடன் சொல்வதே வணிகருக்கு எளிய காப்பு.

உண்மையில் கடையில் நம் கடன் கணக்கு திறக்கப்படுவது வேறோரிடத்தில். கைப்பேசிக் கடையிலும் குளிர்சாதனப்பெட்டி விற்கும் கடையிலும் தவணை வசதிக்காக ஒரு மேசை போடப்பட்டிருக்கும். அங்கே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் கடை ஊழியர் அல்லர்; நிதி நிறுவனத்தின் பிரதிநிதி. பான் எண்ணைச் சொல்லி, கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணையும் படித்துக்காட்டிவிட்டால், தம் கடன் வரலாற்றைப் பார்க்க ஒப்புதல் அளித்துவிட்டோம் என்பதைப் பலர் உணர்வதில்லை. 'தகுதி இருக்கிறதா என்று சும்மா பார்க்கிறோம்' என்பார்கள். சும்மா அன்று. கடன் விண்ணப்பமாக அது பதிவானால் அறிக்கையில் இடம்பெறும். குறுகிய காலத்தில் பல கடைகளில் இப்படிப் பதிவானால் மதிப்பெண் குறையக்கூடும்.

நம் அறிக்கையை யார் பார்த்தாலும் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் கடன் தகவல் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அதற்கு நம் கைப்பேசி எண் அவர்களிடம் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாம் அறியாத விசாரணையோ தவறான பதிவோ அதில் இருந்தால் எழுத்து மூலம் முறையிடலாம்; 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. அதுவும் பயன் தராதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவரது வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. புகார் மனுவுக்குக் கட்டணம் இல்லை.