திருக்கையும் முயலும்

கிழக்கே கடலும் மேற்கே கழுவெளியும் அமைய, மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே இருப்பது கூனிமேடு. இக்கரையின் கடலில் திருக்கை வாழ்கிறது. பனங்காட்டுப் புதர்களில் முயல் வாழ்கிறது. முயலைக் கண்டால் நம் நெஞ்சு இரங்குகிறது. திருக்கையைக் கண்டால் குழம்பும் கருவாடுமே நினைவுக்கு வருகின்றன. எனினும் நம் இரக்கம் மிகுதியும் தேவைப்படுவது எவ்வுயிருக்கு என்பதை ஈண்டுக் காண்போம்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தார். இன்றைய உயிரியல் உடலமைப்பாலும் மரபுவழி உறவாலும் வகுக்கிறது. அவ்வகையில் இரண்டுமே முதுகெலும்பிகள். அதன்பின் வழி பிரிகிறது. முயல் பாலூட்டி வகுப்பினது. எலியைப்போல் கொறித்தாலும் அது எலியினம் அன்று. மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னே மற்றுமோர் சிறிய இணைப்பல் அதற்குண்டு. திருக்கை குருத்தெலும்பு மீன், சுறாவின் உறவினம். சுறாவுக்குச் செவுள் பிளவுகள் பக்கத்தில் உள்ளன. திருக்கைக்கோ அடிப்புறத்தில் உள்ளன. இவ்விலக்கணப்படி, சுறா என்றே பலர் எண்ணும் வேளாவும் திருக்கைக் கூட்டத்தைச் சேர்ந்ததாகும்.

ஓர் ஒற்றுமையும் உண்டு. முயற்குட்டி மயிருடன், கண் திறந்தே பிறக்கிறது. வாலில் முள்ளுடைய திருக்கையின் குஞ்சும் தாயின் வயிற்றில் பால்போன்ற நீரால் வளர்ந்து, முழுவடிவுடன் பிறக்கிறது. ஆயின் முயல் ஓராண்டுக்குள் பருவமெய்தி, ஆண்டில் பலமுறை ஈனும். திருக்கை பருவமெய்தப் பல ஆண்டுகள் ஆகும்; ஈனுவதும் சிலவே. எனவே வலையில் இழந்ததை அதனால் விரைந்து ஈடுசெய்ய இயலாது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் நம் முயல் அச்சம் குறைந்த இனமாக உள்ளது. 2021ஆம் ஆண்டு வெளியான உலகளாவிய மதிப்பீடோ சுறா, திருக்கை இனங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழியும் நிலையில் உள்ளதாகக் கூறுகிறது. மிகையான மீன்பிடிப்பே முதற்காரணம். பெரும்பல் வேளா அழிவின் விளிம்பிலேயே நிற்கிறது. வேளாவை 2001ஆம் ஆண்டில் நம் அரசு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்த்தது. முயல் வேட்டையும் அச்சட்டப்படி குற்றமே.

பட்டினப்பாலை காட்டும் பரதவர் சுறவின் கோட்டை நட்டு வழிபட்டனர். சுறாவுக்குக் கொம்பில்லை, ஆதலின் அது வேளாவின் வாள்போன்ற மூக்கே எனக் கொள்ளுதல் பொருந்தும். முன்னோர் வணங்கிய அவ்வுயிர் ஏட்டில் மட்டும் எஞ்சிவிடலாகாது. வலையில் உயிருடன் சிக்கிய வேளாவைக் கடலுக்கே திருப்பியனுப்புவோம். திருக்கைக் குஞ்சுகளையும் அவ்வாறே விடுவோம். மாணவர்கள் இதனைத் தம் ஊர்க் கரைகளில் எடுத்துரைப்பார்களாக.