கோட்டு வாங்கும் முன் ஒரு கேள்வி

போன சனிக்கிழமை சாயங்காலம், சுகர் லேண்டில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் இரண்டு ரெஸ்யூமே. ஒன்று, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க மதுரையிலிருந்து வந்திருக்கும் தம்பியுடையது. இன்னொன்று, பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண்ணுடையது. அவளும் அங்கேயேதான் இன்ஜினியரிங் படிக்கிறாள். இருவருக்கும் அடுத்த வாரம் கெரியர் ஃபேர்.

தம்பியின் ரெஸ்யூமே மூன்று பக்கம். போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், பத்தாம் வகுப்பு மார்க், கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்று ஒரு உறுதிமொழி. சிரிப்பு வந்தது. நான் வந்த புதிதில் என்னுடையதும் இதே லட்சணம்தான். "இதெல்லாம் எடுத்துடுடா, ஒரே பக்கம் போதும்" என்றேன். அவன் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்பதால் விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்திருக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம்! ரெஸ்யூமேயில் கூப்பிடும் பெயரையே போடலாம். வேலையில் சேரும்போது நிரப்பும் அரசுப் படிவங்களில்தான் ஆவணத்தில் உள்ளபடி எழுத வேண்டும்.

"அண்ணா, கோட்டு எங்க வாங்கலாம்?" இதுதான் அவனுடைய பெரிய கவலை. கோட்டு இருக்கட்டும், முதலில் கம்பெனி லிஸ்ட்டைத் திற என்றேன்.

நம் ஊர் கேம்பஸ் பிளேஸ்மென்ட்டில் கட்-ஆஃப் தாண்டிய மொத்த பேட்சும் ஆப்டிடியூட் எழுதும். கம்பெனி நம்மைத் தேடி வரும். இங்கே ஒரு மேஜைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றால் மூன்று நிமிடம் பேசலாம். என் முதல் ஃபேரில் அப்படி நின்று, புராஜெக்ட் எல்லாம் சொல்லி முடித்த பிறகு அந்த அம்மா கேட்டார்: "உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" நான் மென்று முழுங்கினேன். அவர்கள் ஸ்பான்சர் செய்வதில்லை என்பது ஹேண்ட்ஷேக்கில் அந்த வேலைக்குக் கீழேயே எழுதியிருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

ஹூஸ்டன் பக்கம் இது இன்னும் முக்கியம். நாசா ஜான்சன் மையத்தைச் சுற்றியுள்ள விண்வெளி, பாதுகாப்புத் துறை வேலைகள் பலவற்றுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் காரணமாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எஃப்-1 மாணவன் அந்த வரிசையில் நிற்பது வீண்.

அவனுக்குக் கணக்கு வேறு. படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. 12 மாதம். அதில் வேலையில்லாமல் இருக்கக்கூடியது மொத்தம் 90 நாள்தான். பொறியியல், கணினி படித்தவர்களுக்கு இன்னும் 24 மாத நீட்டிப்பு உண்டு, ஆனால் கம்பெனி ஈ-வெரிஃபையில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எச்-1பி. பொது ஒதுக்கீடு 65,000, அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 20,000. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

அந்தப் பெண் போனைக் கீழே வைத்தாள். "அங்கிள், நிஜமாவா? தொண்ணூறு நாள்தானா?" ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இவர்களைப் பற்றி அவளுக்கு இது தெரியாது. அவளைக் குறை சொல்ல முடியாது; நாமும் நம் பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசுவதில்லை.

அவள் ரெஸ்யூமே பார்க்க அழகு. ஆனால் டிசைன் புராஜெக்ட்டில் நீ என்ன செய்தாய் என்று கேட்டால், "வீ டிட்..." என்றுதான் ஆரம்பிக்கிறாள். நானும் எங்கள் கம்பெனி சார்பில் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். 'நாங்கள்' என்று பேசியவர்களில் ஒருவர்கூட சாயங்காலம் ஞாபகத்தில் இருந்ததில்லை. சென்சார் பழுதானதை இரவு ரெண்டு மணிக்குக் கண்டுபிடித்தது இவள்தான் என்று பத்து நிமிடம் குடைந்த பிறகுதான் வெளியே வந்தது. அதை முதல் வாக்கியமாகச் சொல்லு என்றேன்.

தம்பிக்கு வேறு பிரச்னை, விசா பற்றிக் கேட்பது பிச்சை கேட்பது போல அவனுக்குக் கூச்சம். எனக்கும் இருந்தது. ஆனால் வேலை என்ன என்று கேட்ட அடுத்த மூச்சில், "இந்த வேலைக்கு ஓ.பி.டி. மாணவர்களை எடுப்பீர்களா, பிறகு ஸ்பான்சர் செய்வீர்களா?" என்று கேட்டுவிடலாம். இல்லை என்றால் நன்றி சொல்லி அடுத்த மேஜை. ஒளித்துப் பேசி மூன்று ரவுண்ட் போய்த் திரும்பி வருவதைவிட அது மேல்.

ஞாயிறு ராத்திரி மெசேஜ் வந்தது. லிஸ்ட்டில் பதினொரு கம்பெனிதான் மிச்சமாம். கோட்டு இன்னும் வாங்கவில்லை, என்னுடையதைக் கேட்டிருக்கிறான். தோளில் கொஞ்சம் லூஸாக இருக்கும், பரவாயில்லை.